சாயாத கயிறு

என் மேசை இழுப்பறையில் ஓர் அட்டை கிடக்கிறது. பழைய கோப்பு உறையின் முதுகிலிருந்து கத்தரித்தது. மேல்விளிம்பில் துருப்பிடித்த குண்டூசி விட்டுப்போன ஒரு துளை, அதைச் சுற்றிப் பழுப்பு வட்டம். முன்பக்கத்தில் நீல மையில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கிருந்த உருண்டை உருண்டையான கையெழுத்தில், ஒரே ஒரு வரி: R-H*K-T. அந்த வரிக்குள் பின்னால் வந்து நுழைந்த இரண்டு சிவப்புப் பென்சில் வளைவுகள். R-க்கு முன்னால் ஒன்று, H-க்குப் பின்னால் ஒன்று. முதல் வளைவு அட்டையைக் கீறிவிடுகிற அழுத்தத்தில் இருக்கிறது. இரண்டாவது மெலிந்து, கீழே போகப்போகத் தேய்ந்து, போடுகிறவருக்குப் பாதியிலேயே அதில் விருப்பம் போய்விட்டது போல முடிகிறது. ஒரே கை, ஒரே பென்சில், ஒரு நிமிட இடைவெளி. அது என் கையில்லை.

வளைவுகளைப் போட்டவரைத் துறைமுக அலுவலகத்தில் ஈயக்காரர் என்போம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்தின் கல் சுவர்கள் கடலுக்குள் நீண்டுகொண்டிருந்த எழுபதுகளின் நடுப்பகுதி. கப்பல் வரும் வழியைத் தோண்டுவார்கள். தோண்டிய இடத்தில் ஆழம் எவ்வளவு தேறியது என்று படகில் போய் அளப்பார்கள். கயிற்று நுனியில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, அது தரை தொட்டதும் கயிற்றின் குறியைப் பார்த்து உரக்கச் சொல்வது அவர் வேலை. ஒலியனுப்பி ஆழம் பார்க்கிற கருவியும் இருந்தது. ஆனால் புதிதாகக் கலைந்த சேற்றில் அதற்குத் தரை எது, கலங்கல் எது என்று தெரியாது. கடைசிச் சொல் ஈயத்துடையது. நாற்பது வயதிருக்கும் அவருக்கு. அப்பாவும் சித்தப்பாவும் முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்களில் மூழ்கியவர்கள். இவரும் இளவயதில் பார்களில் சிப்பி இருக்கிறதா என்று பார்க்கப் போகும் படகுகளில் இருந்திருக்கிறார். புதிதாக வந்த டைப்பிஸ்ட் அம்மாள், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் என்று நம்பி வீட்டிலிருந்து பித்தளைச் சட்டியைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார். ஈயக்காரர் மறுப்பு சொல்லாமல் வாங்கிப் போய், நாலாம் நாள் பளபளவென்று பூசிய சட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "நம்ம வேல இல்லம்மா. ஆனா சட்டியப் பாத்தா பாவமா இருந்திச்சு" என்றார்.

அவர் வேலையை நான் ஒரே ஒரு முறை படகில் போய்ப் பார்த்தேன். பெண்பிள்ளை எதற்குப் படகில் என்று எங்கள் பிரிவின் ஆபீசர் இழுத்துக்கொண்டே இருந்து, ஒரு நாள் போனால் போகிறதென்று விட்டார். பருத்திக் கயிற்றை முந்தின நாளே பீப்பாயில் ஊறப்போட்டிருந்தார்கள். நனைந்த கயிறு சுருங்கும். அதைக் காலையில் தோணித்துறைத் தளத்தில் நீட்டிப் போட்டு, பக்கத்தில் இரும்பு நாடாவை வைத்து, பத்து மீட்டர் என்று கயிறு சொல்லும் இடத்தில் நாடா என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். அன்றைக்கு நாடா ஒன்பது எழுபது என்றது. அதாவது கயிற்றின் பேச்சில் நூற்றுக்கு மூன்று பொய். அந்தப் பொய்யைத் திருத்துகிற எண்ணை, அன்றைக்கு 0.97, தேதி போட்டுச் சீட்டில் எழுதி என் மேசைக்கு அனுப்புவார்கள். பிறகு படகு ஏறியதும் அதே கயிற்றால் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து, அதையும் சொல்வார். அதன்பின் நாள் முழுக்க வீச்சு, காத்திருப்பு, குரல். குண்டு தரையைத் தொட்டதும் உடனே சொல்லமாட்டார். கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, அது செங்குத்தாக நிற்கிறவரை கண்ணை மூடியிருப்பார். குண்டின் அடியில் குழி. அதில் மாட்டுக்கொழுப்பை அப்பியிருப்பார். மேலே வரும்போது அதில் மணலோ சேறோ சிப்பித் துணுக்கோ ஒட்டியிருக்கும். "பத்து நாப்பது. சேறு" என்பார். எழுதுகிறவர் எழுதுவார். வெயிலில் அந்தக் குரல் ஒரே சுருதியில் போய்க்கொண்டே இருக்கும்.

அவர் குரலை எண்ணாக்கி, எண்ணை வரைபடத்தில் ஏறத்தக்க ஆழமாக்குவது என் வேலை. R, அவர் சொன்ன அளவு; அதிலிருந்து H, படகின் உயரத்தைக் கழி. மிச்சத்தை K, கயிற்றின் திருத்த எண்ணால் பெருக்கு. அதிலிருந்து T, அந்த நேரத்துக் கடலேற்றத்தைக் கழி. மூன்றே படி. முதல் நாலு வருஷம் என்னிடம் இருந்த கணக்கு இயந்திரத்துக்கு முன்பின் தெரியாது. எந்தக் குறியை முதலில் தட்டுகிறோமோ அதை முதலில் செய்யும். அதற்காகத்தான் இந்த அட்டை. சுவரில் குத்தி வைத்து, கழி, பெருக்கு, கழி என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு தட்டுவேன். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. தலை வேறெங்கோ இருக்கும், விரல் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்.

பிறகு புது இயந்திரம் வந்தது. ஆபீசர் ஒரு வருஷம் சென்னைக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் போட்டு வரவழைத்தது. தட்டச்சுப்பொறி போல விசைகள், நெற்றியில் ஒற்றை வரி மட்டும் சிவப்பாக எரியும். அதற்குள் ஒரு சின்ன மொழி இருந்தது. அதில் எல்லாமே சின்னது. அளவுகளுக்கு ஓர் எழுத்துதான் பெயர். வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண். மறந்துபோனதை நடுவில் செருக இடம் விட்டு. பெருக்கலுக்கு நட்சத்திரம், வகுத்தலுக்குச் சாய்கோடு, அடுக்குக்கு மேல்நோக்கிய அம்பு. ஆனால் இந்தக் குறிகளுக்குள் தராதரம் உண்டு. அடைப்புக்குள் இருப்பது எல்லாவற்றுக்கும் முந்தி. அடுத்து அம்பு. அடுத்து நட்சத்திரமும் சாய்கோடும். இரண்டும் ஒரே தரம், இடமிருந்து வலமாக அவற்றுக்கு முறை வரும். கூட்டலும் கழித்தலும் அவற்றுக்குக் கீழே. பெரிதா, சிறிதா, சமமா என்று கேட்கிற குறிகள் கடைசியில், எல்லாரும் உள்ளே போனபிறகு வாசலில் நிற்கும். என் ஜன்னலுக்கு வெளியே வெளிக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களும் அப்படித்தான் நின்றன. வந்த வரிசை ஒன்று, கூப்பிடுகிற வரிசை வேறொன்று. கோதுமைக் கப்பல் வந்துவிட்டால் மற்றவை ஒதுங்கிக் காத்திருக்கும். தினமும் பார்த்த காட்சி. ஆறாம் வகுப்பில் படித்த பாடமும்கூட. என் அப்பா நாசரேத்தில் கணக்கு வாத்தியார். பெருக்கலுக்குப் பிறகுதான் கழித்தல் என்பதைச் சோற்றோடு ஊட்டி வளர்த்தவர்.

அத்தனையையும் நாலு வருஷத்தில் என் விரல் மறக்கடித்திருந்தது. அட்டையில் இருந்ததை நான் கணக்காகவே பார்க்கவில்லை, விசைகளின் வரிசையாகப் பார்த்தேன். அப்படியே புது இயந்திரத்தில் ஒரு வரியாகத் தட்டினேன். சோதித்தும் பார்த்தேன், அலட்சியம் என்று யாரும் சொல்லமுடியாது. பழைய கோப்பில் இருந்த உதாரணத்தைப் போட்டேன், விடை ஒத்துவந்தது. அந்த உதாரணம் கம்பிக் கயிற்றில் எடுத்தது. கம்பி சுருங்காது, அதன் திருத்த எண் ஒன்று. ஒன்றால் பெருக்கினால் எதை முதலில் செய்தாலும் ஒரே விடைதான்.

அந்த மாதம் ஆழம் பார்த்ததில் பாதி பழைய இயந்திரத்தில் கணக்கானது: கப்பல் வழியோடு நெடுக்காகப் போன கோடுகள். மீதி புதியதில்: அவற்றைக் குறுக்கே வெட்டிப் போன கோடுகள், சரிபார்ப்புக்காக. வெட்டுகிற இடங்களில் இரண்டு ஆழமும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லை. குறுக்குக் கோடுகள் எங்கும் ஏறக்குறைய ஓர் அடி கூடுதல் ஆழம் காட்டின. ஆழம் கூடக்கூட வித்தியாசமும் கூடியது. ஆபீசர் கடலறிந்தவர், அவருக்குக் காரணம் உடனே கிடைத்துவிட்டது. குறுக்கே போகும்போது நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும். கயிறு சாயும். சாய்ந்த கயிறு அதிக ஆழம் சொல்லும், ஆழமான இடத்தில் இன்னும் அதிகமாக. அது நிமிரக் காத்திருக்காத சோம்பேறி ஒருவர் ஈயம் போட்டால் எண்கள் எப்படி இருக்குமோ, அச்சு அசலாக அப்படியே இருந்தன என் எண்கள்.

வியாழக்கிழமை முற்பகல் ஈயக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டு வந்து நின்றார். ஆபீசர் வரைபடத்தை விரித்து விரலை வைத்துக் காட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பேச்சு வளர்ந்து எங்காவது வழி பிறந்திருக்கும்.

"மெஷின் பொய் சொல்லாதுப்பா. கயிறு சாஞ்சிருக்கு."

"கயிறு நின்னிச்சு, ஐயா."

"அப்ப இந்த ஒரு அடி எங்கேருந்து வந்தது?"

ஈயக்காரர் குறிப்பேட்டைக் கேட்டார். ஒரு பக்கத்தைத் தேடிப் பிடித்தார். ஆங்கிலம் அவருக்கு வராது, எண்ணும் தேதியும் வரும். படகில் சொல்கிற அதே ஏற்ற இறக்கமற்ற குரலில் சொன்னார்: "இங்கன நான் சொன்னது பத்து நாப்பது. படகு நாப்பது, அது போவட்டும். மிச்சம் பத்து. பத்துல கயிறு முப்பது திங்கும். ஒம்பது எழுவது. அதுல ஏத்தம் அறுவது. ஒம்பது பத்து. உங்க சீட்டுல ஒம்பது நாப்பத்தொண்ணுன்னு நிக்குது. நடுவுல முப்பது சென்டிய முழுங்குனது நானா, இந்த மிசினா?"

ஆபீசர் சிரித்தார். மனக்கணக்குப் போடுகிறவர்களிடம் படித்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. மறு உத்தரவு வரும்வரை படகில் ஏறவேண்டாம், கரையில் மிதவைகளைச் சுரண்டுகிற இடத்துக்குப் போகவேண்டும் என்று தாள் தயாராயிற்று. டைப்பிஸ்ட் அம்மாள்தான் அடித்தார். சட்டிக்கார அம்மாள். முதல் தாளைக் கிழித்துப்போட்டு இன்னொரு தாளில் அடித்தார், கை தவறிவிட்டது என்றார்.

நான் அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் என்னைப் பிடித்து உலுக்கியது விடை அல்ல. படகை முதலில் தள்ளிவிட்டு, பிறகுதான் கயிற்றுக்குத் தின்னக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் எழுந்து போனபின் சுவரிலிருந்து அட்டையைக் கழற்றி, அதன் பின்பக்கத்திலேயே பத்து நாற்பதை இரண்டு விதமாகவும் போட்டேன். ஒன்று ஒன்பது பத்து. மற்றது ஒன்பது நாற்பத்தொன்று. இயந்திரம் நட்சத்திரத்துக்கு மரியாதை செய்து படகை மட்டும் சுருக்கியிருக்கிறது, கடலைச் சுருக்கவில்லை. கசங்கின காகிதமானாலும் கணக்குப் போட்டால் தேதியும் சுருக்கொப்பமும் போடவேண்டும் என்பது அலுவலக விதி. கை தானாகவே போட்டது.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஆபீசரின் அறை பதினைந்து எட்டுத் தூரம். என்னுடையது தற்காலிக நியமனம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அதைப் புதுப்பிக்கிற தாள் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. வெள்ளிக்கிழமை போடுவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பிரிவுக்கு வந்த முதல் பெண் நான். புது இயந்திரத்தை என்னிடம் கொடுப்பதா என்று இரண்டு மாதம் யோசித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். ஒரு மனிதர் ஒரு நாள் மிதவை சுரண்டினால் என்ன ஆகிவிடும். இந்த வாக்கியத்தை நான் அன்று முழுசாகவே நினைத்தேன், நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினேன். மிதவைகள் கிடந்த முற்றம் அந்தப் பக்கம்தான்.

வெள்ளிக்கிழமை காலை, படகின் சுக்கானைப் பிடிக்கிற ஸ்ராங்கு தண்ணீர்க்குழாயடியில் நின்றுகொண்டு முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஈயக்காரருக்குப் பால்ய சிநேகிதர். கேலி செய்யாவிட்டால்தான் தப்பாக நினைத்துக்கொள்வார்கள் என்கிற ரகம்.

"ஏலே சாஞ்சகயிறு, டீ குடிக்க வாரியா, இல்ல நிமிருத வரைக்கும் காத்திருக்கணுமா?"

குழாயடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஈயக்காரரும் சிரித்தார் என்று நினைக்கிறேன். சாத்தாத கதவின் வழியாக அவர் முதுகுதான் தெரிந்தது. மத்தியானத்துக்குள் அந்தப் பெயர் தளம் முழுவதும் பரவியிருந்தது. சாயங்காலம் மீன் ஏலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கரையில் ஒருவனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் புத்தகத்தோடு சரி. கரையில் வைக்கிற பெயர்தான் வீடுவரை போகும், பிள்ளைகளுக்கும் போகும். நாலு மணிக்கு ஆபீசர் என் தாளில் கையெழுத்துப் போட்டார். நன்றி சொன்னேன்.

சனிக்கிழமை காலை அவரிடம் போய்ச் சொன்னேன். அடைப்பு போடவேண்டிய இடத்தைக் காட்டினேன். "ரெண்டு பிராக்கெட்டுதானே" என்றார். "போட்டு எல்லாத்தையும் மறுபடி ஓட்டிடுங்க." திட்டவில்லை. இன்னொரு தாள் தயாராயிற்று: மேற்படியார் படகுப் பணிக்குத் திரும்பலாம். ஏன் போனார், ஏன் திரும்புகிறார் என்பது அதில் இல்லை. ஈயக்காரரிடம் நாம் சொல்லவேண்டாமா சார் என்று கேட்டேன். "தாள் போகுதே" என்றார்.

அதனால் நானே இறங்கி முற்றத்துக்குப் போனேன். கையில் அட்டை, காதோரத்தில் வரைபடத்துக்கான சிவப்புப் பென்சில். ஈயக்காரர் ஒரு பெரிய மிதவையின் நிழலில் உட்கார்ந்து அதன் வயிற்றில் அப்பியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கயிறு நின்றது என்றேன். தப்பு என் வரியில் என்றேன். படகை முதலில் கழிக்கும்படி இயந்திரத்துக்கு நான் சொல்லவில்லை என்றேன். சுரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மிசினுக்கு அத எப்பிடிச் சொல்லணும், கணக்கம்மா?"

"அடைப்பு போடணும். இந்த ரெண்டையும் சேத்து."

"எங்கன?"

காட்டினேன். சுட்டிக்காட்டிய பென்சிலை என் கையிலிருந்து வாங்கினார். "எப்பத் தெரிஞ்சிச்சு?" என்றார்.

"இன்னைக்குக் காலைல."

அட்டையை மிதவையின் இரும்பின்மேல் வைத்து முதல் வளைவைப் போட்டார். ஈயக்குண்டு வீசுகிற கை. பென்சில் முனை நறநறத்தது. அந்தப் பக்கம் கிழிந்துவிட்டதோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தை நான் அந்த நிமிடம்வரை நினைக்கவேயில்லை. பத்து நாற்பது இருந்தது, அவர் சொன்ன எண். ஒன்பது பத்து இருந்தது. அதன் கீழே வியாழக்கிழமைத் தேதி இருந்தது. தினமும் கயிற்றுச் சீட்டில் தேதி பார்த்துப் பழகிய கண். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. படகில் கயிறு நிற்கிறவரை காத்திருப்பாரே, அவ்வளவு நேரம். அட்டையைத் திருப்பினார். இரண்டாவது வளைவை மெல்லப் போட்டார். பென்சிலையும் அட்டையையும் சேர்த்து நீட்டினார்.

"உள்ள போ ளா. வெயிலு ஏறுது."

நாலு வருஷத்தில் என்னை அவர் கணக்கம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி அன்றைக்கு ஒரு தடவை கூப்பிட்டார். திங்கட்கிழமை மறுபடி கணக்கம்மா. படகில் குரல் மாறவில்லை, எண்கள் ஒத்துவந்தன, தோண்டினவர்கள் இன்னும் ஓர் அடி தோண்டவேண்டியதாயிற்று. குழாயடியில் மட்டும் ஸ்ராங்கு பழைய பெயரைக் கைவிடவில்லை. ஆபீசர் இரண்டு வரி எழுதி வெளியே ஒட்டியிருந்தால் நின்றிருக்குமா என்று யோசித்திருக்கிறேன். வியாழக்கிழமை பதினைந்து எட்டு நடந்திருந்தால் அந்தப் பெயர் பிறந்தே இருக்காது என்பதற்கு யோசனை தேவையில்லை. இரண்டு வருஷத்தில் எனக்குக் கல்யாணமாகி ஊர் மாறிவிட்டேன். ஈயக்காரர் அதற்குப் பின் பத்து வருஷம் படகு வேலையில் இருந்தார் என்று கேள்வி.

இப்போது என் மகன் கணினி படிக்கிறான். அவன் மேசையில் இருக்கிற மொழியில் குறிகள் ஐம்பதுக்கு மேல். அவற்றின் தராதரத்தைப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறான். ஒருநாள் விளையாட்டுக்கு எதையோ தட்டிக்கொடுத்தேன். பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அடைப்பு போட்டிருக்க. போடாட்டாலும் அதே விடைதான் வரும்" என்றான். வரட்டும் என்றேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போய்விட்டுத் திரும்புகையில், பஸ் நிலையத்தில் பக்கத்துப் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். "ஏலே சாஞ்சகயிறு, இங்கன சீட்டு கெடக்கு." முப்பது வயது ஆள் ஒருவன் திரும்பினான். ஈயக்காரரின் அதே தோள். நான் நின்ற இடம் பக்கம் என்பதால் கேட்டுவிட்டேன், இது என்ன பெயர் தம்பி என்று. கூச்சப்படாமல் சிரித்தான். "தெரியலக்கா. அப்பாவுக்கு உள்ள பேரு. எதுக்குன்னு அவரும் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு ஓடிப் போய் ஏறிக்கொண்டான். பஸ் கிளம்பியது. அதை அவனுக்குச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பஸ் வளைவு திரும்புகிறவரை நின்றேன்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். நீல மை வெளுத்துவிட்டது. சிவப்பு அப்படியே இருக்கிறது. அட்டையைத் திருப்பினால் பத்து நாற்பதும் ஒன்பது பத்தும் தேதியும். தேதியை ஒட்டினாற்போல, முன்பக்கத்து முதல் வளைவின் அழுத்தம் இந்தப் பக்கம் மெல்லிய மேடாகப் புடைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலை வைத்தால்தான் தெரியும். இரண்டாவது வளைவு இந்தப் பக்கம் வரவேயில்லை.